தோம்பில் எழுதிய பெயர்களும் காட்டுக்குள் போன சுரூபமும்: ‘அந்நியர் மதம்’ என்ற கேள்விக்கு இலங்கை வரலாறு தரும் விடை



கிறிஸ்தவ விசுவாசத்தைப் பற்றி மக்கள் எழுப்பும் கேள்விகளுக்கு விடை தேடுவதே இந்தச் சொற்பொழிவுக்குக் குறித்துத் தரப்பட்ட பொருள். கடவுள் நல்லவரானால் உலகில் ஏன் இத்தனை துன்பம்? நான்கு நற்செய்திகளும் ஏன் ஒரே மாதிரி இல்லை? செத்தவர் எழுந்தார் என்பதைப் படித்தவர் எப்படி ஏற்பது? இவை எல்லா நாட்டிலும் கேட்கப்படுபவை, இவற்றுக்கு விடை எழுதியோரும் ஏராளம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும், சைவக் குடும்பமும் கிறிஸ்தவக் குடும்பமும் ஒரே தொடர்மாடியில் எதிரெதிர் வீட்டில் இருக்கும் இந்த ஊர்களில், இவற்றுக்கெல்லாம் முந்திக்கொண்டு நிற்பது வேறொரு கேள்வி. பறங்கியர் வாளோடு கொண்டுவந்தார்கள், ஒல்லாந்தர் பதவி காட்டி வளர்த்தார்கள், ஆங்கிலேயர் பள்ளிக்கூடம் கட்டிப் பரப்பினார்கள். ஆண்டவர்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள், அவர்களுடைய மதம் மட்டும் இங்கே தங்கிவிட்டது. இதில் நம்முடையது என்ன இருக்கிறது? பலர் இதை வாய்விட்டுக் கேட்பதில்லை. மரியாதைக்காக மனத்துக்குள் வைத்துக்கொள்கிறார்கள். அப்படி வைத்துக்கொள்ளும் கேள்விக்குத்தான் முதலில் விடை சொல்ல வேண்டும் என்பதால், இன்றைய பேச்சு முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

இந்தக் கேள்வி பொய்யான செய்திகளின்மேல் கட்டப்பட்டதன்று. யாழ்ப்பாண அரசு 1619ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் கைக்குப் போனது. இரண்டாண்டில், 1621இல், போர்த்துக்கேயத் தளபதி பிலிப்பே டி ஒலிவேராவின் ஆணையில் நல்லூர்க் கந்தசுவாமி கோவில் இடிக்கப்பட்டது. அதே பத்தாண்டில் திருக்கோணேச்சரமும் தகர்க்கப்பட்டது. இடித்தவர்கள் கழுத்தில் சிலுவை தொங்கியது. அந்தக் காலத்தில் எல்லா அரசர்களும் அப்படித்தான் செய்தார்கள் என்று சமாதானம் சொல்லும் கிறிஸ்தவர் உண்டு. அந்தச் சமாதானம் செல்லாது. பகைவரை நேசியுங்கள் என்று போதித்த ஒருவரின் பெயரால் செய்யப்பட்ட செயலை, அந்தப் போதனையைக் கேட்டிராத அரசர்களின் செயலோடு ஒப்பிட்டுத் தப்பிக்க முடியாது. நல்லூரில் நடந்தது தவறு, அதுவும் கிறிஸ்தவத்தின் சொந்த அளவுகோலாலேயே தவறு. இதை முதலில் ஒப்புக்கொள்ளாத எவரும் அடுத்த வாக்கியத்தைப் பேசும் உரிமையை இழந்துவிடுகிறார்.

வழக்கமாகச் சொல்லப்படும் இரண்டு விடைகளையும் நான் ஒதுக்கிவைக்கிறேன். அனுராதபுரத்தில் 1912ஆம் ஆண்டு ஒரு கற்சிலுவை கண்டெடுக்கப்பட்டது. ஆறாம் நூற்றாண்டில் எழுதிய கொஸ்மாஸ் என்ற பயணி, பாரசீகக் கிறிஸ்தவர்களின் திருச்சபை ஒன்று இந்தத் தீவில் இருந்ததாகக் குறித்திருக்கிறார். ஆகவே பறங்கியருக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கிறிஸ்தவம் இங்கே வந்துவிட்டது என்பது முதல் விடை. செய்தி உண்மை. ஆனால் அவர்கள் வணிகத்துக்கு வந்து தங்கிய பிறநாட்டார். இன்றைய இலங்கைக் கிறிஸ்தவர்கள் அவர்கள் வழியில் வந்தவர்கள் அல்லர். பௌத்தமும் மகிந்தரோடு கடல் கடந்துதானே வந்தது என்பது இரண்டாவது விடை. அதுவும் உண்மை, ஆயினும் மகிந்தர் படையோடு வரவில்லை. கேள்வி கேட்பவரின் மனத்தை உறுத்துவது கடலன்று, வாள். அதை விட்டுவிட்டுக் கடலைப் பற்றிப் பேசுவது விடையாகாது.

வாளால் வந்தது, பதவியால் நின்றது என்ற குற்றச்சாட்டைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அதிகாரம் தாங்கிப் பிடித்த கிறிஸ்தவம் ஒரு பக்கமும், அதே அதிகாரம் வேட்டையாடிய கிறிஸ்தவம் மறுபக்கமும், ஒரே நாட்டில் ஒரே காலத்தில் இருந்திருந்தால், அதிகாரம் போனபின் எது நின்றது என்று பார்த்துவிடலாம். வரலாறு நமக்கு அப்படியொரு காலத்தைக் கொடுத்திருக்கிறது. கொழும்பு 1656இலும் யாழ்ப்பாணம் 1658இலும் ஒல்லாந்தர் வசமாயின. 1796 வரை கரையோரம் அவர்களுடையது. அவர்களுடைய சீர்திருத்தத் திருச்சபையே அரசின் திருச்சபை. கோவிற்பற்றுத்தோறும் பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்தில் தோம்பு என்ற பதிவேடு, பிறப்பும் ஞானஸ்நானமும் விவாகமும் அந்தத் தோம்பில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் விவாகம் சட்டப்படி செல்லாது, முதுசம் பிள்ளைகளுக்குப் போவதில் சிக்கல், அரசாங்க உத்தியோகம் கிடையாது. குருமாரை உருவாக்க 1690இல் நல்லூரிலும் 1696இல் கொழும்பிலும் குருமடங்கள் திறந்தார்கள். ஒரு மதத்தை நிலைநிறுத்த ஓர் அரசு என்னவெல்லாம் செய்யலாமோ அத்தனையையும், ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டு, ஒழுங்காகச் செய்தார்கள். தோம்பில் இலட்சக்கணக்கான பெயர்கள் சேர்ந்தன.

கத்தோலிக்கருக்கு அதே அரசு வைத்தது தடை. கத்தோலிக்கக் குருவுக்கு ஒளிப்பிடம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று 1658ஆம் ஆண்டிலேயே கட்டளை பிறந்தது. போர்த்துக்கேயக் குருமார் நாடு கடத்தப்பட்டார்கள், கோவில்கள் பறிக்கப்பட்டன. மாந்தையிலிருந்து சில குடும்பங்கள் மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் போனார்கள். அந்தக் காடுதான் இன்றைய மடு. முப்பது ஆண்டுக்குக் கிட்ட, பூசை வைக்க ஒரு குருவும் இல்லாமல், செபமாலையை மட்டும் வைத்துக்கொண்டு சனங்கள் இருந்தார்கள். 1687ஆம் ஆண்டு கூலியாளின் கோலத்தில் ஒருவர் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தார். அவர் பெயர் யோசப் வாஸ். கோவாவின் பெனோலிம் ஊரில் 1651இல் பிறந்த கொங்கணிக்காரர். ஐரோப்பியத் துறவற சபைகள் இந்தியரைச் சேர்த்துக்கொள்ளாத காலத்தில், கோவாவின் உள்ளூர்க் குருமார் தாங்களே அமைத்துக்கொண்ட ஒரத்தோரியம் என்ற சபையைச் சேர்ந்தவர். அவருக்குப் பின்னால் கப்பலும் இல்லை, பீரங்கியும் இல்லை. சில்லாலையில் ஒளித்திருந்து இரவில் பூசை வைத்தார். 1692இல் கண்டிக்குப் போனபோது பறங்கியரின் உளவாளி என்று பிடித்து அடைத்தார்கள். பிறகு அவரை விடுவித்துக் காத்தவன் இரண்டாம் விமலதர்மசூரியன் என்ற பௌத்த மன்னன். 1697இல் கண்டியில் அம்மை பரவி, வசதியுள்ளோர் நகரை விட்டு ஓடியபோது, கைவிடப்பட்ட நோயாளிகளைத் தேடிப் போய்க் கழுவி, ஊட்டி, இறந்தவர்களைப் புதைத்தவர் இவர். மதம் எது என்று கேட்டு அவர் அதைச் செய்யவில்லை. 1711 சனவரி 16ஆம் நாள் கண்டியிலேயே காலமானார். அவருக்குப் பின்வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்தார். தவக்காலத்தில் நம்மவர் படிக்கும் ‘வியாகுல பிரசங்கம்’ அவருடையது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு இந்த நாட்டுக் கத்தோலிக்கருக்குக் குருமாராய் இருந்தவர்கள் நம்மைப்போன்ற நிறமுள்ள இந்தக் கோவாக்காரர்களே.

1796இல் ஒல்லாந்தர் போனார்கள். புதிதாக வந்த ஆங்கிலேயர் தோம்பைப் பற்றிக் கவலைப்படவில்லை. சில ஆண்டுகளுக்குள் அந்த இலட்சக்கணக்கான பெயர்கள் கரைந்துபோயின. யாழ்ப்பாணத்தில் சனங்கள் தங்கள் சைவத்துக்கே வெளிப்படையாகத் திரும்பினார்கள், அதில் தவறொன்றுமில்லை. மனத்தால் அவர்கள் அதை விட்டதே இல்லை. 1816இல் அமெரிக்க மிசனரிமார் தெல்லிப்பழைக்கும் வட்டுக்கோட்டைக்கும் வந்தபோது அங்கே இருந்த பழைய கோவில்கள் கூரையில்லாத வெறுஞ்சுவர்கள். மறுபக்கம், 1806ஆம் ஆண்டு ஆளுநர் மெயிற்லண்ட் கத்தோலிக்கர்மேலிருந்த தடைகளை நீக்கியபோது, நூற்று நாற்பது ஆண்டு அடக்கப்பட்ட அந்தச் சமூகம் அப்படியே வெளியே வந்தது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் இலங்கைக் கிறிஸ்தவர் நூற்றுக்கு 7.6, அதில் 6.2 கத்தோலிக்கர். கொட்டாஞ்சேனைப் பக்கம் போனால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒல்லாந்த அரசு 1749இல் தொடங்கி 1757இல் திறந்த வுல்வெண்டால் தேவாலயம் மேட்டின்மேல் பருத்த சுவர்களோடு நிற்கிறது. உள்ளே தரை நெடுகிலும் ஒல்லாந்த அதிகாரிகளின் கல்லறைக் கற்கள், 1813இல் கோட்டையிலிருந்து கொண்டுவந்து பதித்தவை. கொஞ்சத் தூரம் நடந்தால் கொச்சிக்கடை அந்தோனியார் கோவில். ஒல்லாந்தருக்கு ஒளித்து வியாபாரி வேடத்தில் திரிந்த கொச்சிக் குரு ஒருவருக்கு அந்தக் கரையின் மீனவர்கள் அடைக்கலம் கொடுத்ததிலிருந்து உண்டான இடம் என்பது அதன் மரபு. செவ்வாய்க்கிழமைகளில் சனம் எங்கே நிற்கிறது என்பது கொழும்பில் யாருக்கும் தெரியும். வுல்வெண்டாலில் இன்றும் வழிபடும் சிறிய சபையைக் குறைத்துச் சொல்வதாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. அரசு கைவிட்ட பிறகும் அங்கே தங்கியவர்கள் தாமாக விரும்பித் தங்கியவர்கள்; அவர்களும் என் வாதத்துக்கே சாட்சி.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். அந்தக் கத்தோலிக்கரை முதலில் உண்டாக்கியது போர்த்துக்கேய அதிகாரம்தானே? பெரும்பகுதி உண்மை. ஆனால் தொடக்கத்திலேயே ஒரு விதிவிலக்கு உண்டு. மன்னார்த் தீவின் கடலோர மக்கள் தாங்களே ஆளனுப்பி, முத்துக்குளித்துறையில் இருந்த பிரான்சிஸ் சவேரியாரை அழைத்தார்கள். அவர் தமக்குப் பதிலாக ஒரு குருவை அனுப்பினார். 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலி அவர்களில் அறுநூறு பேருக்குமேல் வெட்டுவித்தான் என்பது வரலாற்று மரபு. மன்னன் கண்ணில் அது குடிகள் பறங்கியர் பக்கம் சாயும் அரசியற் பிரச்சினை. பறங்கிப்படை காக்கவில்லை, அப்போது அது மன்னாரில் இருக்கவுமில்லை. சவேரியார் பழிவாங்கப் படையெடுப்பு வேண்டுமென்று விரும்பினார். அது அந்தப் பெரியவரின் குறை என்றே நான் கருதுகிறேன். படையெடுப்போ நடக்கவில்லை. பெகுவிலிருந்து வந்த கப்பல் ஒன்று போர்த்துக்கேய மன்னரின் சரக்கோடு யாழ்ப்பாணக் கரையில் தரைதட்டி, சரக்குச் சங்கிலியின் கையில் அகப்பட்டிருந்தது. சரக்குத் திரும்பும்வரை சண்டை வேண்டாமென்று விட்டுவிட்டார்கள். மன்னாரை அவர்கள் பிடித்தது 1560இல்தான். தோட்டவெளியில் அந்த வேதசாட்சிகளை நினைவுகூரும் மக்கள், பறங்கியரின் கணக்கில் தங்கள் முன்னோரின் உயிர் ஒரு கப்பல் சரக்கைவிட மலிவாக இருந்ததையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூரியது. கத்தோலிக்கம் நின்றதற்குக் காரணம் விசுவாசமன்று, அது நம் கோவில் வழிபாட்டைப் போலவே இருந்ததுதான்: கொடியேற்றம், சுரூப பவனி, நேர்த்திக்கடன், விளக்கு, மெழுகுதிரி. இதைச் சொல்பவர் தாம் தொடங்கிய குற்றச்சாட்டைத் தாமே கைவிடுகிறார். நம் மண்ணின் வழிபாட்டோடு அவ்வளவு கலந்துவிட்ட ஒன்றை அந்நியம் என்று எப்படிச் சொல்வது? இந்த ஒப்புமையை முதலில் வலுவாக எடுத்துக்காட்டியவர் ஆறுமுக நாவலர். மிசன் பள்ளியில் படித்து, பெர்சிவல் பாதிரியாரோடு இருந்து பைபிள் மொழிபெயர்ப்புக்கு உதவியவர் அவர். எங்கள் வழிபாட்டில் நீங்கள் எதைப் பழிக்கிறீர்களோ அது உங்கள் வேதத்திலேயே விதிக்கப்பட்டிருக்கிறதே என்று 1854இல் ‘சைவ தூஷண பரிகாரம்’ எழுதி மடக்கினார். அந்த இடத்தில் நியாயம் நாவலர் பக்கமே இருந்தது. தூஷணம் செய்த மிசனரிமார் தங்கள் நூலையே சரியாகப் படிக்கவில்லை.

நிலைத்து நின்றது என்பதால் உண்மையாகிவிடுமா என்று கேட்டால், ஆகாது. சைவமும் நின்றது. திருநெல்வேலி ஞானப்பிரகாசர், பறங்கி அதிகாரிக்கு உணவுக்காகப் பசு கொடுக்கும் முறை தம் வீட்டுக்கு வந்தபோது, இரவோடிரவாக ஊரை விட்டுச் சிதம்பரம் போனார் என்பது யாழ்ப்பாணத்து மரபு. விரத நாளில் சாப்பிட்ட இலையை வெளியே எறிந்தால் காட்டிக்கொடுத்துவிடும் என்று கூரைக்குள் செருகி மறைத்தார்கள். கூரையில் இலையைச் செருகிய அந்தச் சைவத் தாயும், சில்லாலையில் இரவுப் பூசைக்குக் கதவைத் திறந்த அந்தக் கத்தோலிக்கத் தாயும் தங்களை அடக்கிய அரசுக்கு ஒரே விதமான விடையைத்தான் சொன்னார்கள். ஆகவே இந்தச் சோதனை கிறிஸ்தவத்தை உண்மையென்று நிறுவவில்லை. அது நிறுவுவது ஒன்றே: அந்த விசுவாசத்தை அதிகாரத்தின் நிழல் என்று தள்ளிவிட முடியாது. நிழலாயிருந்த பகுதி அதிகாரத்தோடேயே போய்விட்டது. மிஞ்சியதை அதன் சொந்தத் தகுதியில் எடைபோட வேண்டும்.

அப்படி எடைபோடத் தொடங்கினால், மையத்தில் இருப்பவரே அதிகாரத்தால் கொல்லப்பட்டவர் என்பது முதலில் கண்ணில் படும். ரோமப் பேரரசன் திபேரியுவின் காலத்தில் பொந்தியு பிலாத்து அவருக்கு மரண தண்டனை விதித்தான் என்பதை, கிறிஸ்தவர்களை வெறுத்த ரோம வரலாற்றாசிரியர் தாசித்துவும் எழுதியிருக்கிறார். சிலுவை என்பது அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் உரிய கேவலமான சாவு. ஒரு மதத்தைப் பரப்ப நினைப்பவர் கட்டிச்சொல்லும் கதையன்று அது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதற் கடிதம் அந்தச் சாவுக்குப் பின் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டில் எழுதப்பட்டது. உயிர்த்தவரைக் கண்டவர்களில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்று அதிலே சொல்கிறார். போய் விசாரிக்கலாம் என்று அழைக்கும் பேச்சு அது. அதன்பின் 313ஆம் ஆண்டு வரை அந்தச் சமயத்துக்கு ரோம அரசு துணையில்லை. இவை உயிர்ப்பைக் கணக்குப்போல் நிறுவிவிடும் என்று நான் சொல்லவில்லை. வேறெந்த விளக்கமும் இவ்வளவு செய்திகளையும் இதைவிட நன்றாகத் தாங்கவில்லை என்பதே என் துணிபு.

கொட்டாஞ்சேனை தீபதுத்தாராம விகாரையில் இருந்த மிகெட்டுவத்தே குணானந்த தேரரின் கேள்வியும் இங்கேதான் வந்து சேர்கிறது. 1873 ஆகஸ்டு 26ஆம், 28ஆம் நாள்களில் பாணந்துறையில் தாவீது டி சில்வா பாதிரியாரோடும் சிறிமான்னவோடும் அவர் நடத்திய வாதம் உலகப் புகழ் பெற்றது. அதன் அச்சுப் பதிவைப் படித்த, பிரம்மஞான சங்கத்தைச் சேர்ந்த அமெரிக்கரான கேணல் ஒல்கொட் 1880இல் இலங்கைக்கு வந்தார். எல்லாம் வல்லவர் என்கிறீர்களே, இருப்பு இரதம் வைத்திருந்தவர்களை யூதாவால் துரத்த முடியவில்லை என்று உங்கள் நீதிபதிகள் புத்தகம் சொல்கிறதே என்று தேரர் கேட்டார். நல்ல கேள்வி. போர்வெற்றியைக் கொண்டு கடவுளை அளப்பவருக்கு இதில் விடையே இல்லை. ஆனால் அந்தப் புத்தகம் தன் மக்களின் தோல்வியையும் கொடுமையையும் மறைக்காமல் எழுதி, அவனவன் தன் மனம்போனபடி நடந்தான் என்ற புலம்பலோடு முடிகிறது. அரசவைப் புகழ்ப்பாட்டு அப்படி எழுதப்படுவதில்லை. இருப்பு இரதத்தைத் தேடிய மக்களுக்குக் கடைசியில் கிடைத்தது கழுதைமேல் வந்த ஒருவர். அதை மறந்து நல்லூருக்கு இருப்பு இரதத்தோடு போன கிறிஸ்தவர்கள்மேல் தேரரின் கேள்வி இன்னும் நிற்கிறது.

சோறு காட்டி மதம் மாற்றுகிறார்கள் என்ற இன்றைய குற்றச்சாட்டுக்கும் இதே அளவுகோல் போதும். ஞானஸ்நானத்தை நிபந்தனையாக வைத்து உதவி செய்வது பழைய தோம்பின் மறுபதிப்பு. அதைச் செய்யும் சபை எதுவானாலும் கிறிஸ்தவரே முதலில் கண்டிக்க வேண்டும். ஆனால் ஏழை எதை நம்பினாலும் சோற்றுக்காகத்தான் நம்புகிறான் என்பது ஏழையை அவமதிப்பது. விரும்பிய சமயத்தைக் கைக்கொள்ளும் சுதந்திரத்தை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை அவனுக்கும் கொடுத்திருக்கிறது. கட்டாய மதமாற்றத் தடைக்கென்று 2004இல் கொண்டுவந்த சட்டமூலத்தின் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று உயர் நீதிமன்றமே தீர்மானித்தது.

துன்பத்தைப் பற்றிய கேள்விக்கும் ஒரு சொல். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு காலை, கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் விடுதிகளிலும் குண்டு வெடித்து 260க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். தம் வீட்டில் கும்பிட வந்தவர்களைக் கடவுள் ஏன் காக்கவில்லை? காரணம் சொல்லத் தெரிந்தவர் போல் பேசுவோரைக் கிறிஸ்தவ வேதமே கண்டிக்கிறது. யோபுவின் நண்பர்கள் செய்த பிழை அது. இந்த விசுவாசம் காரணத்தைத் தரவில்லை. சிலுவையில் தொங்கி, ஏன் கைவிட்டீர் என்று தானும் கேட்ட கடவுளைத் தருகிறது. அதை ஏற்காதவருக்கு அது விடையாகாது என்பதையும் நான் அறிவேன். ஆனால் பழிக்குப் பழி வேண்டாம் என்று கர்தினால் மல்கம் ரஞ்சித் கேட்டார், பெரும்பாலோர் கேட்டு நடந்தார்கள். நீர்கொழும்பில் ஒன்றுமறியாத பாகிஸ்தான் அகதிகள் பயந்து வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்ததும் அதே நாள்களில்தான். அதையும் மறைக்கக் கூடாது.

ஆகவே இந்த அவையிலுள்ள கிறிஸ்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் பிள்ளைகளின் மறைக்கல்வி வகுப்பிலும் ஞாயிறு பாடசாலையிலும் யோசப் வாஸ் அடிகளைப் பற்றிப் படிப்பிக்கிறோம். 2015 சனவரி 14இல் காலிமுகத் திடலில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டதைப் பெருமையோடு சொல்லிக்கொடுக்கிறோம். அதே பாடத்தில் 1621ஆம் ஆண்டு நல்லூரையும் வையுங்கள். கூரையில் செருகிய இலையையும் சொல்லிக்கொடுங்கள். எதிர்வீட்டுச் சைவப் பிள்ளை அந்தக் கேள்வியைக் கேட்கும்போது, நம் பிள்ளைக்கு அது புதுச் செய்தியாக இருக்கக் கூடாது.